‘நீ உட்கார், நான் செய்றேன்’: அறிவுத்திறன் குறைபாடும் ஆக்குபேஷனல் தெரபியும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகள், வண்டி விபத்தில் தலையில் அடிபட்டவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், மறதி நோய் வந்த தாத்தா பாட்டிகள் என்று எல்லா வயதிலும் ஆட்களைப் பார்க்கிறேன், முடிந்தவரை அவர்கள் வீட்டிலேயே போய்ப் பார்க்கிறேன். குடும்பத்தினர் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரியான கேள்விகள்தான். அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதுகிறேன்.

ஆக்குபேஷனல் தெரபி என்றால் கைத்தொழில் சொல்லிக்கொடுப்பதா?

இல்லை. ‘தொழில்சார் சிகிச்சை’ என்று தமிழில் போர்டு வைத்திருப்பதால் வரும் குழப்பம் இது. “ஆறு வயசுப் பையனுக்கு என்ன மேடம் தொழில்?” என்று ஒரு அப்பா உண்மையிலேயே கவலையோடு கேட்டார். ஒரு மனிதர் காலையில் எழுந்ததிலிருந்து தூங்கும்வரை செய்கிற எல்லாமே எங்களுக்கு ‘ஆக்குபேஷன்’தான்: பல் தேய்ப்பது, சட்டைப் பட்டன் போடுவது, கடைக்குப் போய் மிச்சம் சரியாக வாங்கி வருவது, விளக்கேற்றுவது, பூ கட்டுவது, சம்பளத்துக்கு வேலை பார்ப்பது. அந்த ஆறு வயதுப் பையனுக்கு விளையாட்டும் பள்ளிக்கூடமும்தான் தொழில்.

அமெரிக்காவில் 1917-இல் இதற்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். இந்தியாவில் 1950-இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கர் முதல் பள்ளியைத் தொடங்கினார். அமெரிக்காவில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர் அவர். எழுபது வருடத்துக்கு மேல் ஆகியும் இன்னும் நாங்கள் யார் என்று விளக்க வேண்டியிருக்கிறது.

பிசியோதெரபியிலிருந்து இது எப்படி வேறு?

சுருக்கமாகச் சொன்னால், கை தூக்க வரவைப்பது பிசியோ, தூக்கிய கையால் சோறு பிசைந்து சாப்பிட வைப்பது நாங்கள். நடைமுறையில் இரண்டும் கலந்துதான் போகும். ஆனால் கை கால் நன்றாக இருந்தும் அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் ஒருவர் குளியலறையில் நிற்கிறார் என்றால், அது முழுக்க எங்கள் வேலை.

முதல் நாள் என்ன பார்ப்பீர்கள்? ஐ.க்யூ. சோதனையா?

ஐ.க்யூ. எடுப்பது உளவியலாளரின் வேலை. நான் “ஒரு டீ போட்டுக் கொடுங்களேன்” என்று கேட்பேன். டீ போடுவதில் இருபதுக்கு மேல் படிகள் இருக்கின்றன. எங்கே நிற்கிறார், எதைத் தாண்டிப் போகிறார், பால் பொங்கும்போது கவனிக்கிறாரா, சர்க்கரை டப்பா வழக்கமான இடத்தில் இல்லாவிட்டால் தேடுகிறாரா, அல்லது அப்படியே நின்றுவிடுகிறாரா என்பதையெல்லாம் எழுதிக்கொள்வேன். அந்த ஒரு டீ எனக்குச் சொல்வதைப் பத்துப் பக்க அறிக்கை சொல்வதில்லை.

முறையான சோதனைகளும் உண்டு. க்ளாடியா ஆலன் என்ற அமெரிக்கத் தெரபிஸ்ட் மனநல மருத்துவமனைகளில் பல வருடம் வேலை பார்த்து உருவாக்கிய ஒன்று எனக்குப் பிடிக்கும். ஓட்டை போட்ட ஒரு தோல் துண்டையும் நாடாவையும் கையில் கொடுத்து, முதலில் சாதாரண ஓட்டுத் தையல், அப்புறம் ஓரத்தைச் சுற்றிச் சுற்றிப் போடும் தையல், கடைசியில் கொஞ்சம் சிக்கலான இன்னொரு தையல் என்று போட்டுக் காட்டி, செய்யச் சொல்வார்கள். தைக்கத் தெரியுமா என்பது கேள்வியே இல்லை. புதிதாக ஒன்றைப் பார்த்துப் புரிந்துகொள்ள முடிகிறதா, தவறு நடந்தால் கண்டுபிடிக்கிறாரா, தானாகத் திருத்துகிறாரா என்பதைத்தான் பார்க்கிறோம்.

அந்த ஆலன் முறையில் ‘நிலை’ என்கிறார்களே, அது என்ன?

ஒன்றிலிருந்து ஆறு வரை நிலைகள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வீட்டில் நடக்கும் பாதிச் சண்டைக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

முதல் இரண்டு நிலைகளில் இருப்பவர்கள் விழுங்குவது, திரும்பிப் படுப்பது, உட்காருவது, நடப்பது என்ற அளவில்தான் உலகத்தோடு தொடர்பு வைத்திருப்பார்கள். மூன்றாவது நிலையில் கைகள் சுறுசுறுப்பாக இருக்கும். கையில் கிடைத்ததை எடுப்பார்கள், மடிப்பார்கள், தேய்ப்பார்கள், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள், ஆனால் அது எங்கே போய் முடியவேண்டும் என்பது மனதில் இருக்காது. இவர்களுக்கு முருங்கைக்கீரை உருவுவது, பூண்டு உரிப்பது, துண்டு மடிப்பது எல்லாம் அருமையான வேலைகள். ‘குழம்பு வை’ என்றால் திணறிப் போவார்கள்.

நான்காவது நிலைதான் எல்லோரையும் ஏமாற்றும். முடிவு இன்னதென்று தெரிந்து வேலை செய்வார்கள், பழகிய வேலையை ஒழுங்காக முடிப்பார்கள், பேச்சும் நன்றாக இருக்கும். ஆனால் கண்ணுக்குத் தெரிவதுதான் அவர்களுக்கு உலகம். அலமாரிக்குள் இருக்கும் மாத்திரை அவர்களைப் பொறுத்தவரை இல்லாத மாத்திரை. கண்ணுக்குத் தெரியாத ஆபத்தும் அப்படியே: கேஸ் கசிவு, ஈரத்தரை, இஸ்திரிப் பெட்டியின் சூடு. ஐந்தாவது நிலையில் புதிதாகக் கற்பார்கள், ஆனால் செய்து பார்த்துத்தான் கற்பார்கள், முன்கூட்டி யோசிப்பது குறைவாக இருக்கும். ஆறாவது என்பது திட்டமிட்டுச் செய்யும் நிலை.

“நல்லாத்தானே பேசுறாங்க, அப்புறம் ஏன் செய்ய மாட்டேங்கிறாங்க, வேணும்னே பண்றாங்க” என்று நான் கேட்காத வீடே இல்லை. பேச்சை வைத்து ஆளை அளக்காதீர்கள். பழகிய பேச்சு பல சமயம் நெடுநாள் நிற்கும், அதற்கு முன்பே செயல் போய்விடும்.

மூளையைக் கூர்மையாக்கும் செல்போன் விளையாட்டு, புதிர்ப் புத்தகம் வாங்கித் தரலாமா?

அவருக்குப் பிடித்தால் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் புதிரில் மதிப்பெண் ஏறினால் குளியலும் சமையலும் தானாக வந்துவிடும் என்று காத்திருக்காதீர்கள். எதைப் பழகுகிறோமோ அது வரும், பழகாதது வராது. அறிவுத்திறன் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஓரிடத்தில் கற்றதை இன்னொரு இடத்துக்கு எடுத்துப்போவதே கடினம். கிளினிக்கில் என் மேசை மேல் பத்து ரூபாய், இருபது ரூபாய் எண்ணிய பையன் அண்ணாச்சி கடை வாசலில் வாயடைத்து நிற்பான். அதனால் பணப்பாடத்தை அண்ணாச்சி கடையிலேயே நடத்த வேண்டும், கூட்டமில்லாத பிற்பகல் மூன்று மணிக்கு, அவரிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆரம்பநிலை மறதி நோய் உள்ள 475 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அவரவரே தேர்ந்தெடுத்த அன்றாட வேலைகளை வீட்டிலேயே பழக்கினார்கள். 2019-இல் முடிவு வந்தது: பழகிய வேலைகளில் தெளிவான முன்னேற்றம், நினைவாற்றல் சோதனைகளில் மாற்றம் இல்லை. என் அனுபவமும் இதுதான். மூளையைப் பழையபடி ஆக்கித் தருகிறேன் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. நாளைக்குச் சட்டையைத் தானே போட்டுக்கொள்ளும்படி செய்ய முடியுமா என்று பார்ப்போம் என்றுதான் சொல்வேன்.

சரி, எப்படித்தான் கற்றுக்கொடுப்பது? நூறு தடவை சொல்லியாச்சு.

நூறு தடவை சொன்னதுதான் பிரச்சினை. சொல்வதைக் குறையுங்கள்.

நான் அதிகம் நம்புவது பின்னாலிருந்து தொடங்கும் முறை. சுடிதார் பேன்ட் போடக் கற்றுக்கொடுக்கிறீர்கள் என்றால், முட்டிவரை நீங்கள் போட்டுவிட்டு, இடுப்புக்கு ஏற்றுவதை மட்டும் அவளிடம் விடுங்கள். ‘போட்டு முடித்தேன்’ என்ற அந்த நிமிடம் அவளுடையதாகிறது. அது கைவந்ததும் அதற்கு முந்தைய படியை விடுங்கள். முதல் படியிலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு முறையும் பாதியில் நீங்கள் வாங்கி முடிப்பீர்கள், அவள் கற்பது ‘கடைசியில் அம்மா செய்துவிடுவாள்’ என்பதை மட்டும்தான்.

உதவியிலும் அளவு வேண்டும். முதலில் காத்திருங்கள், மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பத்து விநாடி என்பது நம் வீடுகளில் மிக நீளமான நேரம், இரண்டாவது விநாடியிலேயே யாராவது கை நீட்டிவிடுவார்கள். அப்புறமும் வரவில்லை என்றால் விரலால் காட்டுங்கள், பிறகு ஒரே ஒரு சொல், பிறகு முழங்கையில் லேசாகத் தொடுதல், கடைசியாகத்தான் கைமேல் கை வைத்துச் செய்வது.

“இது யாரு, சொல்லு பாப்போம்” என்று கேட்டுக்கேட்டு ஞாபகத்தைத் தூண்டலாமா?

தயவுசெய்து வேண்டாம். வருகிற சொந்தக்காரர் எல்லாம் பாட்டியிடம் “நான் யாருன்னு தெரியுதா?” என்று கேட்கிறார்கள். அன்பில்தான் கேட்கிறார்கள், ஆனால் பாட்டிக்கு அது தினம் நான்கு முறை தோற்கும் பரீட்சை. “பாட்டி, நான் உங்க பேரன், மதுரைலேருந்து வந்திருக்கேன்” என்று சொல்லிவிட்டு உட்காருங்கள்.

இதற்கு அறிவியல் காரணமும் உண்டு. நமக்கு ஒரு தவறு செய்தால் ‘அது தவறு’ என்பதும் நினைவில் நிற்கும். நினைவாற்றல் பலமாகப் பாதிக்கப்பட்டவருக்குத் தவறான பதில் மட்டும் பழக்கமாகப் படிந்துவிடும், திருத்தியது நிற்காது. பேட்லி, வில்சன் என்ற இரு பிரிட்டிஷ் உளவியலாளர்கள் 1994-இல் இதைக் காட்டினார்கள். அதனால் ஊகிக்க விடாமல், சரியானதையே காட்டி, சரியானதையே செய்ய வைத்துப் பழக்க வேண்டும்.

ஒரு தகவல் மனதில் தங்கியே ஆகவேண்டும் என்றால், இடைவெளி விட்டுக் கேட்கும் முறை இருக்கிறது. “மூக்குக்கண்ணாடி டிவி பக்கத்துல நீல டப்பாவுல இருக்கு” என்று சொல்லிவிட்டு உடனே கேளுங்கள், அரை நிமிடம் கழித்துக் கேளுங்கள், பிறகு ஒரு நிமிடம், இரண்டு, நான்கு, எட்டு. தடுமாறினால் காக்க வைக்காமல் பதிலைச் சொல்லிவிட்டு, கடைசியாகச் சரியாகச் சொன்ன இடைவெளிக்குத் திரும்புங்கள். சொல்லும்போதே எழுந்து போய் டப்பாவைத் தொட வையுங்கள்.

தானாக யோசிக்கக் கூடியவர்களுக்கும் இதே முறையா?

இல்லை. அவர்களிடம் விடையைக் கொடுப்பதுதான் தவறு. கனடாவில் ஹெலன் பொலடாய்கோ, ஏஞ்சலா மாண்டிச் இருவரும் உருவாக்கிய முறையில் நான்கே சொற்கள்: இலக்கு, திட்டம், செய், சரிபார். முதலில், உடல் அசைவுகளை ஒழுங்காக இணைத்துச் செய்யத் திணறும் குழந்தைகளுக்காக வந்தது, இப்போது பக்கவாதம், தலைக்காயம் வந்த பெரியவர்களுக்கும் பயன்படுத்துகிறோம். ஷூ லேஸ் கட்டத் தெரியாத பையனிடம் “லேஸ் ஏன் அவிழுது, என்ன செய்யலாம்னு நினைக்கிற?” என்று கேட்டு, அவன் சொல்லும் திட்டத்தை அவனையே செய்ய விட்டு, சரியாக வந்ததா என்று அவனையே பார்க்கச் சொல்ல வேண்டும். நேரம் எடுக்கும். ஆனால் அவனே கண்டுபிடித்தது அவனிடமே தங்குகிறது.

தம்பிக்கு பைக் விபத்து. உடம்பு தேறிவிட்டது, ஆனால் நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்கிறான். சோம்பேறித்தனமா?

இல்லை. மூளையின் முன்பகுதியில் அடிபட்டால் ‘தொடங்குவது’ என்ற திறனே போய்விடலாம். குளிக்க வேண்டும் என்று தெரியும், குளிக்கவும் தெரியும், எழுந்து போக முடியாது. பெட்ரோல் இருக்கிறது, என்ஜின் நன்றாக இருக்கிறது, சாவி திரும்பவில்லை. வெளியிலிருந்து யாராவது அந்தச் சாவியைத் திருப்ப வேண்டும்.

“போய்ப் பல் தேய்” என்று ஹாலிலிருந்து கத்துவதைவிட, பிரஷ்ஷில் பேஸ்ட் வைத்துக் கையில் கொடுங்கள், பல சமயம் மீதி தானாக நடக்கும். செல்போனில் ஒரு நாளைக்கு நான்கைந்து அலாரம், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு வேலை. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் அக்காவின் குரலையே அலாரமாகப் பதிந்து வைத்தார்கள். பீப் சத்தத்துக்கு அசையாதவர் அந்தக் குரலுக்கு எழுந்தார்.

அப்புறம் களைப்பு. தலைக்காயத்துக்குப் பிறகு வரும் களைப்பு வெளியே தெரியாது. கடினமான வேலையைக் காலையில் வையுங்கள், எரிச்சல் வரும் முன்பே ஓய்வு கொடுங்கள். மாலை ஆறு மணிக்குச் சொந்தக்காரர் கூட்டம், டிவி சத்தம், குக்கர் விசில் எல்லாம் சேர்ந்தால் கோபம் வெடிக்கும், அதை அவன் குணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வீட்டில் என்னென்ன மாற்ற வேண்டும்? செலவு ஆகுமா?

பெரிய செலவு இல்லை. நம் சமையலறையில் முதல் எதிரி எவர்சில்வர் டப்பா வரிசை. எல்லாம் ஒரே மாதிரி பளபளக்கும், உள்ளே என்ன என்று தெரியாது. கண்ணுக்குத் தெரிவதே உலகம் என்று இருப்பவருக்கு அது மூடிய சுவர். தினம் தேவைப்படும் நான்கு பொருளை மட்டும் தெளிவான பிளாஸ்டிக் அல்லது கண்ணாடி டப்பாவுக்கு மாற்றி, டீ போடத் தேவையானதை ஒரே தட்டில் அடுப்பருகே வையுங்கள். ஒரு வேலைக்கு வேண்டியது எல்லாம் ஒரே இடத்தில், வேண்டாதது கண்ணில் படாமல் இருக்க வேண்டும்.

குளியலறையில் வெள்ளை டைல்ஸ், வெள்ளை ஸ்டூல், வெள்ளை மக் இருந்தால் வயதானவர் கண்ணுக்கு எதுவும் தனியாகத் தெரியாது. சிவப்பு வாளி, நீல மக் வாங்குங்கள். பட்டனுக்குப் பதில் எலாஸ்டிக், லுங்கிக்கு மேல் ஒரு பெல்ட். கழிவறைக் கதவில் ‘கழிவறை’ என்று எழுதுவதோடு படமும் ஒட்டுங்கள், இரவில் அங்கே ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

நம் வீடுகளில் ஏற்கெனவே தொங்கும் ஓர் அற்புதமான கருவி தினசரி நாள்காட்டி. பெரிய எழுத்தில் தேதி, கிழமை. தினம் காலை தாளைக் கிழிக்கும் வேலையை அவரிடமே கொடுங்கள். “இன்னிக்கு என்ன கிழமை?” என்ற சோதனை இல்லாமலே அவருக்கு நாள் தெரிந்துவிடுகிறது.

அம்மாவுக்கு மறதி நோய். குளிக்கச் சொன்னால் அடிக்க வருகிறார்.

அவர் இடத்திலிருந்து பாருங்கள்: யாரோ ஒருவர் குளிர்ந்த அறையில் தன் புடவையை உருவுகிறார். நானும் அடிப்பேன். “குளிக்கணும்” என்ற சொல்லையே விட்டுவிடுங்கள். வெந்நீர் விளாவி வைத்து, தேவையானதை எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, “வாங்கம்மா, எண்ணெய் தேய்ச்சுவிடுறேன்” என்று உள்ளங்கையில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றுங்கள். அந்த வாசனைக்குக் கை தானாகத் தலைக்குப் போகும், அறுபது வருடப் பழக்கம் அல்லவா. ஷவர் வேண்டாம், வாளியும் மக்கும்தான் அவருக்குத் தெரிந்த குளியல். முதல் சொம்பைக் காலில் ஊற்றுங்கள், அல்லது மக்கை அவர் கையிலேயே கொடுங்கள். தோளில் ஒரு துண்டு கடைசிவரை இருக்கட்டும். அவர் வாழ்நாள் முழுக்க எந்த நேரத்தில் குளித்தாரோ அதே நேரத்தில் அழையுங்கள். முடியாத நாளில் ஈரத்துணியால் துடைத்துவிட்டால் போதும், சண்டை போட்டுக் குளிப்பாட்ட வேண்டியதில்லை.

நெதர்லாந்தில் மறதி நோய் உள்ள 135 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2006-இல் வெளியானது. தெரபிஸ்ட் ஐந்து வாரத்தில் பத்து முறை வீட்டுக்குப் போய், அவருக்கும் பார்த்துக்கொள்பவருக்கும் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார்கள். நோயாளியின் அன்றாடச் செயல்பாடும் கூடியது, பார்த்துக்கொள்பவரின் தன்னம்பிக்கையும் கூடியது. மகளையும் மருமகளையும் விட்டுவிட்டுப் பாட்டிக்கு மட்டும் தெரபி செய்ய முடியாது.

அடுப்புப் பக்கம் விடலாமா?

தனியாக விடலாமா என்றால், நான்காவது நிலையிலோ அதற்குக் கீழோ இருப்பவரை விட வேண்டாம். ஆள் இல்லாதபோது சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிவையுங்கள், தானாக அணையும் இண்டக்‌ஷன் அடுப்பு இன்னும் நல்லது. ஆனால் சமையலறையை விட்டே துரத்தாதீர்கள். நாற்பது வருடம் சமைத்தவரை ஹாலில் டிவி முன் உட்கார வைத்தால் இரண்டே மாதத்தில் ஆள் சுருங்கிப்போவதைப் பார்த்திருக்கிறேன். கீரை ஆயட்டும், மாவு உருட்டட்டும், உப்பு சரியா என்று பார்த்துச் சொல்லட்டும்.

மகனுக்கு 21 வயது, டவுன் சிண்ட்ரோம். வேலைக்குப் போக முடியுமா?

முடியும். வருடக்கணக்கில் மெழுகுவர்த்தி, காகிதக் கவர் என்று பயிற்சி கொடுத்து ‘தயார்’ ஆனபிறகு வேலை தேடுவதை விட, முதலில் உண்மையான ஓரிடத்தில் சேர்த்து, கூடவே ஒருவர் நின்று அங்கேயே பழக்குவது பலனளிக்கும் என்பது என் கருத்து. கற்றது இடம் மாறாது என்று மேலே சொன்னேனே, அதே காரணம்தான்.

வேலையையும் அவனுக்கேற்ப வெட்ட வேண்டும். பத்து வரை எண்ண வராத ஓர் இளைஞருக்குப் பத்துக் குழி உள்ள தட்டு ஒன்று செய்து கொடுத்தோம். எல்லாக் குழியும் நிறைந்தால் ஒரு பாக்கெட். எண்ணத் தெரிந்தவர்களை விட அவர் கணக்கு சரியாக இருக்கும். 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு வேலையில் உள்ள 4 சதவீத ஒதுக்கீட்டில் 1 சதவீதம் ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, மனநோய் உள்ளிட்ட பிரிவினருக்கு உண்டு. அதைக் கேட்டுப் பெற வேண்டும்.

எங்கே போவது?

18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் மாவட்டத்தில் உள்ள அரசு ஆரம்பகால இடையீட்டு மையத்தில் (குறைபாடுகளைச் சிறுவயதிலேயே கண்டறிந்து உதவும் மையம்) தொடங்குங்கள். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005-லிருந்து இயங்குகிறது. வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தில் குடும்பத்தினர் கூடவே தங்கி கற்றுக்கொள்ளும் வழக்கம் பல காலமாக உண்டு. பெங்களூருவில் மத்திய அரசின் மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸும் இருக்கிறது.

மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையை (UDID) முதலில் எடுத்துவிடுங்கள். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் நிராமயா என்ற காப்பீடு 1 லட்சம் ரூபாய் வரை இருக்கிறது, தெரபி செலவும் அதில் அடங்கும். இந்த நான்கு பிரிவினருக்கும் 18 வயது ஆனபிறகு சட்டப்படி பாதுகாவலர் தேவைப்பட்டால், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். ‘பெற்றோர்தானே, தானாகவே உரிமை உண்டு’ என்று இருந்துவிட்டு வங்கியில் போய் நிற்பவர்கள் நிறைய.

எத்தனை நாளில் பலன் தெரியும்?

மொத்தமாகக் கேட்டால் சொல்ல முடியாது. ஒரு வேலையைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். ஒரு நோட்டு வாங்கி, அந்த வேலையைப் படிகளாகப் பிரித்து எழுதி, தினம் எந்தப் படிக்கு எவ்வளவு உதவி செய்தீர்கள் என்று குறித்து வையுங்கள். நாளுக்கு நாள் பார்த்தால் எதுவும் நகராதது போலத்தான் இருக்கும். தாடி மழிக்கப் பழகிய ஒருவருடைய அம்மா, “இவன் மாறவே இல்ல மேடம்” என்று ஒவ்வொரு வாரமும் சொல்வார். மூன்றாம் மாதம் நோட்டைத் திருப்பிப் பார்த்தோம், ஜூனில் பதினொரு படிகளில் ஒன்பதுக்கு அம்மா கை வைத்திருந்தார், செப்டம்பரில் இரண்டுக்கு. இப்போது அந்த இரண்டில் ஒன்று, காதுக்குக் கீழே உள்ள இடம், அதற்கு ஒரு சின்னக் கண்ணாடி வாங்கச் சொல்லியிருக்கிறேன்.